வளரும் காடைக்குச் சோயாவைக் குறைத்து என்ன கொடுக்கலாம்? தாவரப் புரதத் தீவனத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

காடை வளர்ப்பில் பணம் போவது தீனிக்குத்தான். தீனியில் பணத்தைத் தின்பது சோயாப் புண்ணாக்கு. மலேசியாவில் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. ரிங்கிட் இறங்கினால் அடுத்த மாதமே மூட்டைக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று கடைக்காரர் ஏற்றிவிடுவார்.

இன்னொரு பக்கம் பார்த்தால் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை. செம்பனை ஆலையிலிருந்து புண்ணாக்கு, பழைய ரப்பர் காட்டில் கொட்டை, தவ்ஹு (டோஃபு) பட்டறையில் சக்கை, லயத்து வேலியோரம் முருங்கை. இவற்றில் ஒன்றைப் போட்டுச் சோயாவை நிறுத்திவிடலாமா என்றுதான் காடை வைத்திருக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். நிறுத்த முடியாது, குறைக்கலாம். எதைக் கொண்டு, எந்த வயதிலிருந்து, எவ்வளவு குறைக்கலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: காடைக்கு எவ்வளவு வேண்டும்

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. முட்டையிலிருந்து வெளிவரும்போது 7 முதல் 9 கிராம்தான் இருக்கும். ஐந்து, ஆறு வாரத்தில் அது 150 கிராமைத் தொட வேண்டும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் தீனி கோழித் தீனியைவிடச் சத்தில் அடர்த்தியாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994-இல் வெளியிட்ட தேவைப் பட்டியலை இன்றும் எல்லோரும் அடிப்படையாக வைக்கிறார்கள். வளரும் காடைக்கு அது சொல்வது: புரதம் 24 சதவீதம், எரிசக்தி கிலோவுக்கு 2900 கிலோ கலோரி, லைசின் 1.3 சதவீதம், மெத்தியோனின் 0.5 சதவீதம், சுண்ணாம்புச் சத்து 0.8 சதவீதம். முட்டையிடும் காடைக்குப் புரதம் 20 சதவீதம் போதும். ஆனால் சுண்ணாம்புச் சத்து 2.5 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதனால் முட்டைக் காடைத் தீனியைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள்.

தின்னும் அளவு தோராயமாக இப்படி இருக்கும்: முதல் வாரம் நாளுக்கு 3, 4 கிராம், இரண்டாம் வாரம் 8 கிராம், மூன்றாம் வாரம் 12 கிராம், அப்புறம் 16 முதல் 20 கிராம் வரை. ஐந்து வாரத்துக்கு ஒரு காடை அரைக் கிலோவுக்குள் முடித்துவிடும். இதில் பாதிக்கு மேல் கடைசி இரண்டு வாரத்தில் போகிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். முதல் வாரக் குஞ்சு மொத்தமே 25, 30 கிராம்தான் தின்கிறது. அதில் கைவைத்தால் மிஞ்சுவது சில காசு, போவது குஞ்சு.

படி 2: மூட்டையில் எழுதியிருக்கும் புரதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

ஆய்வுக்கூடத்தில் தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி, வருவதைப் புரதம் என்று எழுதுகிறார்கள். அது எப்படிப்பட்ட புரதம் என்று அந்த எண் சொல்லாது. காடைக்கு வேண்டியது புரதத்தைக் கட்டும் சிறு துண்டுகளான அமினோ அமிலங்கள், அதிலும் லைசினும் மெத்தியோனினும். அரிசி எவ்வளவு இருந்தாலும் உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகிவிடும் இல்லையா? இங்கே லைசின்தான் அந்த உளுந்து. அது குறைந்தால் மீதிப் புரதம் உடம்பில் ஒட்டாமல் எச்சத்தில் போய்விடும். கூண்டடியில் அம்மோனியா நெடி கண்ணை எரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கை நேரடியாகவே பார்க்கலாம். 100 கிராம் சோயாப் புண்ணாக்கில் (44 சதவீதப் புரதம்) லைசின் ஏறக்குறைய 2.7 கிராம். அதே அளவு கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயாவுக்குச் சமமாகவே இருக்கும், லைசின் மட்டும் 1.5 கிராம்தான். எள்ளுப் புண்ணாக்கில் 1 கிராம். தேங்காய்ப் புண்ணாக்கில் 0.6 கிராம். எள்ளுக்கு வேறொரு சிறப்பு உண்டு: மெத்தியோனின் சோயாவில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஆனால் இங்கே எள்ளுப் புண்ணாக்கு தீவனக் கடையில் கிடைப்பது அபூர்வம்.

100 கிராம் சோயா தரும் புரதத்தைத் தேங்காய்ப் புண்ணாக்கில் எடுக்க வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் போட வேண்டும். போட்ட பிறகும் லைசின் பாதிக்குக்கூட வராது. நார் மட்டும் ஏறிவிடும். புரதக் கணக்கு சரியாக இருந்தும் காடை வளரவில்லை என்று சிலர் தலையைச் சொறிவது இதனால்தான்.

மெத்தியோனின் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இறகு. காடைக் குஞ்சுக்கு மூன்று, நான்கு வாரத்துக்குள் இறகு மூடிவிட வேண்டும். முதுகில் தோல் தெரிந்தாலோ ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கினாலோ இதைச் சந்தேகப்படுங்கள். தாவரப் புரதங்களில் சோயா உட்படப் பெரும்பாலானவற்றில் மெத்தியோனின் பற்றாது. ஆகவே சிறு பொட்டலமாகச் செயற்கை மெத்தியோனின் வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம். பத்துக் கிலோ தீனிக்கு 15 கிராம்தான் ஆகும்.

படி 3: ஊரில் கிடைப்பதை அலசுவோம்

*தவ்ஹு சக்கை.* சோயா அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சுவது. என் கணக்கில் தோட்டப்புற ஊரில் கிடைப்பவற்றில் முதல் இடம் இதற்குத்தான். காய்ந்த சக்கையில் 25 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்கும். அதுவும் சோயாப் புரதம், எனவே லைசினுக்குப் பயமில்லை. ஆனால் பச்சைச் சக்கையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பத்துக் கிலோ வாளியைத் தூக்கி வந்தால் காய்ந்த பிறகு கையில் நிற்பது இரண்டு கிலோ.

வாங்கும்போது தவுக்கேயிடம் (பட்டறை முதலாளியிடம்) ஒரு கேள்வி கேளுங்கள்: அரைத்ததைக் காய்ச்சிவிட்டு வடிகட்டுகிறாரா, வடிகட்டிவிட்டுப் பாலை மட்டும் காய்ச்சுகிறாரா? பல பட்டறைகளில் பச்சையாக வடித்துவிட்டுத்தான் பாலைக் காய்ச்சுவார்கள். அப்படியானால் உங்களுக்கு வருவது பச்சைச் சோயாச் சக்கை. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அதைத் தொடர்ந்து தின்னும் பறவைக்குக் கணையம் வீங்கும், வளர்ச்சி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தால் அது பெருமளவு அடங்கிவிடும். இட்லிக் குண்டானே போதும். காய்ச்சி வடித்த சக்கை என்றால் இந்த வேலை மிச்சம்.

அப்புறம் பிழிய வேண்டும். கோணிப்பையில் கட்டி மேலே கல்லை வைத்தால் ஒரு மணி நேரத்தில் பழுப்புத் தண்ணீர் ஒழுகி நிற்கும். சக்கையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. அதைத் தகரத்தில் அரை விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நம் ஊரில் மாலை மூன்று, நான்கு மணிக்கு மழை வந்துவிடும். எனவே காலையிலேயே பட்டறைக்குப் போய்ப் பத்து மணிக்குள் வெயிலில் போட்டுவிட வேண்டும். வெயில் இல்லாத நாளில் வாங்கவே வாங்காதீர்கள். பச்சைச் சக்கை மறுநாள் காலைக்குள் புளித்து நாறும். அவசரத்துக்குப் பெரிய சட்டியில் சிறு தீயில் கிளறிக் காயவைக்கலாம், ஆனால் எரிவாயுச் செலவில் மிச்சமெல்லாம் கரைந்துவிடும். நன்றாகக் காய்ந்த சக்கை கையில் கசக்கினால் அவல்போல் நொறுங்கும்.

*ரப்பர் கொட்டை.* 1877-இல் மலாயாவில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்ட இடங்களில் ஒன்று பக்கத்திலிருக்கும் கோலகங்சார். அதன் சுற்றுவட்டாரத்தில் கொட்டை பொறுக்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் காய் வெடித்துக் கொட்டை சிதறும். பருப்பில் புரதம் இருபது சதவீதத்தை ஒட்டி இருக்கும், எண்ணெய் நாற்பதுக்கு மேல். சும்மா கிடக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் சயனைடு விடுகிற பொருளும் இருக்கிறது. பச்சையாகப் போட்டால் காடை சாகும்.

பக்குவம் செய்கிற முறை இது. பூஞ்சணம் பிடித்தது, ஓட்டையானது எல்லாவற்றையும் முதலில் எறிந்துவிடுங்கள். கொட்டையின் மேலோட்டை உடைத்துப் பருப்பை எடுத்து நன்றாக இடித்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். இடிப்பது முக்கியம். பருப்பு நசுங்கினால்தான் அதிலிருக்கும் நொதி வேலை செய்து நஞ்சைப் பிரித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடி போடாமல் கொதிக்க வையுங்கள். சயனைடு ஆவியாகிப் போகக்கூடியது, மூடி போட்டால் உள்ளேயே நிற்கும். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முகத்தை ஆவிக்கு மேல் காட்டாதீர்கள். கொதித்த தண்ணீரை ஆடு, கோழி குடிக்காத இடத்தில் ஊற்றுங்கள். பருப்பைக் காயவைத்து இரண்டு மாதம் கிடப்பில் போட்டால் மிச்ச நஞ்சும் இறங்கும். ஆனால் அவ்வளவு எண்ணெயோடு கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடுமே? ஆமாம், இதுதான் ரப்பர் கொட்டையின் தலைவலி. பிழிந்து எண்ணெய் எடுக்க வழியுள்ளவர்களுக்கு இது நல்ல சரக்கு. இல்லாதவர்கள் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். வாடையை வைத்து நஞ்சு போய்விட்டதா என்று முடிவு செய்யாதீர்கள். சயனைடு வாடை சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது.

*இலைகள்.* முருங்கைத் தழையை நிழலில் காயவைத்துத் தூளாக்கினால் 25 சதவீதத்துக்கு மேல் புரதம். நஞ்சுத் தொல்லையும் இல்லை. மரவள்ளித் தழையிலும் இருபதுக்கு மேல் உண்டு. ஆனால் அதிலும் சயனைடு. பொடியாக நறுக்கி, வாடவிட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்று சொல்லும் சூபாபுல் தழை ஆட்டுக்கு அருமையானது. காடைக்கு அதிலுள்ள மிமோசின் ஆகாது, வளர்ச்சியைக் கெடுக்கும். முருங்கை இருக்கும் வீட்டில் சூபாபுலைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. எந்த இலையானாலும் 4, 5 சதவீதத்தோடு நிறுத்துங்கள். நார் ஏறினால் காடைக் குடலுக்குத் தாங்காது.

*செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு.* பி.கே.சி. என்று கேட்டால் எல்லாக் கடையிலும் தெரியும். மலிவு, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இதன்மேல் கண் போகிறது. புரதம் 14 முதல் 18 சதவீதம்தான். நாரும் கிட்டத்தட்ட அதே அளவு. அதோடு மன்னான் என்ற மாவுப்பொருள் வேறு, அதைச் செரிக்கப் பறவைக்கு நொதி கிடையாது. ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள்: கறுப்பாக, மணல்போல் உறுத்துவது கொட்டை ஓடு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கலாம். வளரும் காடைக்கு நான் இதைச் சேர்ப்பதில்லை.

*தேங்காய்ப் புண்ணாக்கு.* நான்காம் வாரத்திலிருந்து 5 சதவீதம் சேர்க்கலாம். புதிதாக, இனிய வாசனையோடு இருக்க வேண்டும்.

*கடலைப் புண்ணாக்கு.* விலை படிந்தாலும் யோசித்து வாங்குங்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு போகாது.

*அசோலா.* தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பச்சைச் செடி. இணையத்தில் இதைப்பற்றிப் பிரமாதமாகச் சொல்வார்கள். நூறு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் கிடைப்பது ஐந்தாறு கிலோ. வாத்து வைத்திருப்பவர்களுக்குப் பச்சையாகவே கொடுக்கலாம், காடைத் தீனிக்கு உழைப்பு கட்டுப்படியாகாது. இன்னொன்று, தேங்கிய தண்ணீரில் கொசுப் புழு இருந்தால் சுகாதார அதிகாரி அபராதம் போடுவார். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கென்றே இருக்கிறது.

படி 4: கலவை

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் சாதாரணச் சோயாக் கலவை, பத்துக் கிலோவுக்கு: மக்காச்சோளம் 5.2 கிலோ, சோயாப் புண்ணாக்கு 4.3 கிலோ, சமையல் எண்ணெய் 200 கிராம். இதோடு உப்புச் சரக்குகள்: டை-கால்சியம் பாஸ்பேட் 100 கிராம், சுண்ணாம்புக்கல் தூள் 120 கிராம், உப்பு 30 கிராம், வைட்டமின்-தாதுக் கலவை 30 கிராம் (பொட்டலத்தில் வேறு அளவு சொன்னால் அதன்படி), மெத்தியோனின் 15 கிராம். புரதம் 23 சதவீதத்துக்குச் சற்று மேல் நிற்கும், லைசினும் மெத்தியோனினும் தேவையான அளவுக்கு வந்துவிடும். 24 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அந்த இரண்டும் சரியாக இருந்தால் குறையொன்றும் வராது. பிறந்ததிலிருந்து ஏழு நாளைக்கு இதையோ கடையில் விற்கும் காடைக் குஞ்சுத் தீனியையோ கொடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரக் கலவை: மக்காச்சோளம் 4.4 கிலோ, சோயாப் புண்ணாக்கு 3.6 கிலோ, காய்ந்த தவ்ஹு சக்கை 1 கிலோ, முருங்கை இலைத் தூள் 400 கிராம், எண்ணெய் 300 கிராம், மேலே சொன்ன உப்புச் சரக்குகள் அதே அளவில். எண்ணெயை 100 கிராம் கூட்டியிருப்பது சக்கையும் இலையும் குறைக்கிற எரிசக்தியை ஈடுகட்டத்தான். அதை விட்டுவிட்டால் காடை வயிறு நிறையத் தின்றும் எடை போடாது.

நான்காம் வாரம் முதல்: மக்காச்சோளம் 4.5 கிலோ, சோயா 3 கிலோ, சக்கை 1 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 500 கிராம், இலைத் தூள் 400 கிராம், எண்ணெய் 300 கிராம், அதே உப்புச் சரக்குகள். இதற்கு மேல் 10 கிராம் லைசின் பொடி. தேங்காய்ப் புண்ணாக்கு உள்ளே வந்ததால்தான் லைசின் தேவைப்படுகிறது. புரதம் 21, 22 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், இந்த வயதுக்கு அது போதும். தேங்காய்ப் புண்ணாக்குக்குப் பதில் பக்குவம் செய்த ரப்பர் பருப்பைப் போடுகிறவர்கள் எண்ணெயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

நூறு காடைக்கு ஐந்து வாரத்தில் எவ்வளவு மிஞ்சும்? வழக்கமான கலவையில் ஏறக்குறைய 18 கிலோ சோயா ஆகும். இந்த முறையில் நாலு கிலோ குறையும். அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே. மக்காச்சோளத்திலும் கொஞ்சம் மிஞ்சும். சோயாவே இல்லாமல் வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவருடைய காடையின் ஐந்தாம் வார எடையைக் கேளுங்கள்.

வைட்டமின்-தாதுக் கலவையை மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். மீன்தூள் போடாத தீனியில் பி12 வைட்டமின் கிடையாது, செடியில் அது இல்லை. தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் பறவைக்குச் சேராது. டை-கால்சியம் பாஸ்பேட் போடுவது அதற்காகத்தான். அது குறைந்தால் கால் வளையும்.

படி 5: அரைப்பதும் கலப்பதும்

மாவாக அரைத்துவிடாதீர்கள். மாவு அலகில் ஒட்டிக் கட்டியாகும். குஞ்சுக்கு மெல்லிய ரவை அளவு, மூன்று வாரத்துக்கு மேல் உப்புமா ரவை அளவு. துண்டு பெரிதாக இருந்தால் காடை சோளத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு இலைத்தூளை ஒதுக்கிவிடும். தீனித் தட்டின் அடியில் பச்சைத் தூள் தங்கினால் அரைவை சரியில்லை என்று அர்த்தம். மெத்தியோனின், லைசின், வைட்டமின் எல்லாவற்றையும் முதலில் அரைக் கிலோ சோள மாவில் நன்றாகக் கலந்து, அதை ஒரு கிலோவாகப் பெருக்கி, பிறகு மொத்தத்தில் சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு காடைக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றுக்கு நாலு மடங்கு போகும். எண்ணெய் கடைசியில்.

காடை தலையை ஆட்டித் தீனியை வாரி இறைக்கும். தட்டின்மேல் கம்பி வலைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். இலைத்தூளில் பிடிக்கும் மிச்சத்தைவிட இந்த வலையில் பிடிக்கும் மிச்சம் சில வீடுகளில் அதிகம்.

கலந்த தீனியை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான தோம்பில், தரையில் படாமல் பலகைமேல். வாங்கும் சோளத்தைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம்.

படி 6: பழக்குவதும் எடை பார்ப்பதும்

புதுக் கலவையை ஒரே நாளில் மாற்றாதீர்கள். நாலைந்து நாளில், கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற்றுங்கள்.

ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டு கூண்டில் இருபது இருபதாகப் பிரித்து, ஒன்றுக்குப் பழைய தீனி, ஒன்றுக்குப் புதியது கொடுங்கள். வாரம் ஒருமுறை, காலைத் தீனிக்கு முன், கூண்டுக்குப் பத்தை நிறுத்து எழுதி வையுங்கள். சமையலறைத் தராசே போதும், மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் காடையைப் போட்டு நிறுக்கலாம். போட்ட தீனியிலிருந்து மிஞ்சியதைக் கழித்து, கூடிய எடையால் வகுத்தால் ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீனி என்று தெரியும். அந்த எண்ணைத் தீனியின் கிலோ விலையால் பெருக்குங்கள். புதுக் கலவையில் கிலோவுக்கு இருபது காசு மிச்சம் என்று தெரியும், ஆனால் காடை முட்டைக்கு வர ஒரு வாரம் தள்ளினால் அந்த மிச்சம் மிச்சமில்லை.

எச்சத்தையும் பாருங்கள். தண்ணியாகப் போய்ப் பின்பக்கம் ஒட்டினால் சக்கையையும் இலையையும் பாதியாகக் குறையுங்கள். திடீரென்று இரண்டு மூன்று செத்தால் தீனியை உடனே நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்புங்கள். கலவையிலிருந்து ஒரு பிடியைப் பையில் கட்டி, செத்த காடையோடு மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்துக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். காடையை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், உறையவைக்கக் கூடாது.